வெள்ளைத் தரையில் இறங்குகிறவர்கள்

அலாஸ்காவில் விமான விபத்து என்று நம் ஊர்ச் செய்திகளில் வருவதெல்லாம் மலையில் மோதியவை, கடலில் காணாமல் போனவை. அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் வெளியிடும் விபத்து அறிக்கைகளைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு வேறொரு வகை விபத்து திரும்பத் திரும்பக் கண்ணில் படும். செஸ்னா 180, பைப்பர் சூப்பர் கப் போன்ற ஒரு சின்ன விமானம். சக்கரத்துக்குப் பதில் ஸ்கீ எனப்படும் சறுக்குப் பலகை மாட்டியிருக்கும். உறைந்த ஏரியிலோ, ஆற்றிலோ, மலையில் மெல்ல நகரும் பனிப்பாளமான பனியாற்றிலோ இறங்கியிருக்கும். ஒரு ஸ்கீ எதிலோ சிக்கி, மூக்குக் குத்தி, தலைகீழாகக் கவிழ்ந்திருக்கும். பெரும்பாலும் உயிர்ச்சேதம் இருக்காது. அறிக்கையும் சில பக்கங்களில் முடிந்துவிடும். கடைசியில் காரணம் என்ற தலைப்பின் கீழே ஒரே வரி: பொருத்தமில்லாத இடத்தை விமானி இறங்குவதற்குத் தேர்ந்தெடுத்தது.

வேலை நிமித்தமாகச் சில குளிர்காலங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் இருந்தேன். இந்த அறிக்கைகளைப் படிக்கும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது. அந்த ஒரு வரி எனக்கு எப்போதும் உறுத்தும். தவறான வரி இல்லை. இடம் பொருத்தமில்லாததுதான், தேர்ந்தெடுத்தவரும் அவர்தான். ஆனால் அந்த இடம் பொருத்தமில்லாதது என்று மேலேயிருந்து பார்த்தபோது அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? வெள்ளைத் தரையில் எதை வைத்து எதை அறிவது? அந்த வரி நிற்கும் இடத்தில்தான் விஷயமே ஆரம்பிக்கிறது.

முதலில், இவர்கள் ஏன் விமான நிலையத்தை விட்டுவிட்டு வெளியே இறங்குகிறார்கள் என்ற கேள்வி. அலாஸ்காவின் ஊர்களில் ஐந்தில் நான்குக்கும் மேல் சாலை வழியாகப் போக முடியாதவை. ஊர்களுக்காவது ஓடுபாதை இருக்கிறது. வேட்டைக்காரரின் குடிலுக்கும், பொறி வைத்து விலங்கு பிடிப்பவரின் முகாமுக்கும், சுரங்கத்துக்கும், பனியாற்றை அளக்கப் போகும் ஆய்வாளரின் கூடாரத்துக்கும் அதுகூட இல்லை. குளிர்காலம் வந்தால் பிரதேசமே திறந்துகொள்கிறது. கோடையில் கால் வைக்க முடியாத சதுப்பு உறைந்து தட்டையாகிவிடும். ஏரிகள், ஆறுகள் எல்லாம் ஓடுபாதை. ஆங்கரேஜ் நகருக்குள்ளேயே லேக் ஹூட் என்ற ஏரி இருக்கிறது. உலகிலேயே அதிகமாக நீர்விமானங்கள் வந்துபோகும் இடம் அதுதான். குளிர்காலத்தில் அதே ஏரியின் பனிக்கட்டி மேல் ஸ்கீ மாட்டிய விமானங்கள் இறங்கி ஏறுவதைக் கரையில் நின்று பார்க்கலாம். குளிர்காற்று அடர்த்தியாக இருப்பதால் எஞ்சினுக்கும் இறக்கைக்கும் நல்ல பலம். எல்லாமே வா வா என்று கூப்பிடும் காலம் அது.

நல்ல வெயில் நாளில் இந்த வேலை அவ்வளவு பயங்கரமானதும் இல்லை. சூரியன் தாழ்வாக இருப்பதால் பனியின் ஒவ்வொரு மடிப்புக்கும் நிழல் விழும். காற்று செதுக்கிய வரப்புகள் தெரியும், முந்தின வாரம் போன பனிவண்டியின் தடம் தெரியும், கரை எங்கே முடிகிறது என்பதும் தெரியும். மேகம் மூடியதும் இதெல்லாம் போய்விடுகிறது. வெளிச்சம் எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே சீராக வரும். பனி அதை மேலே திருப்பியனுப்பும், மேகம் மறுபடி கீழே அனுப்பும். நிழல் என்பதே இருக்காது. விமானிகள் இதை ஃபிளாட் லைட் என்கிறார்கள். இருட்டு இல்லை. பார்வைத் தூரமும் குறையவில்லை, பத்து மைல் தள்ளியிருக்கும் கருமலை தெளிவாகத் தெரியலாம். காலுக்குக் கீழே இருக்கும் தரை மட்டும் 5 அடியிலா 50 அடியிலா என்று சொல்ல முடியாது. நிரம்பிய பால்குடத்தை மேலேயிருந்து பார்த்து அடியின் ஆழம் சொல்லச் சொன்னால் எப்படியோ, அப்படி.

கருவியைப் பார்த்துக்கொள்ளலாமே என்று தோன்றும். உயரமானி காற்றழுத்தத்தை வைத்து உயரம் சொல்வது. அந்த இடத்தின் அழுத்தம் இவ்வளவு என்று யாராவது சொன்னால்தான் அது சரியாக இருக்கும். பெயர்கூட இல்லாத ஒரு ஏரியில் யார் சொல்வது? பாதரச அளவில் பத்தில் ஒரு அங்குலம் பிசகினால் உயரத்தில் ஏறத்தாழ 100 அடி பிசகும். போதாததற்கு, கடுங்குளிரில் அந்தக் கருவி உண்மையைவிடக் கூடுதலான உயரத்தைக் காட்டும். இருக்கிற உயரத்தைவிட அதிகம் இருப்பதாக நம்ப வைக்கும் பிழை அது. இறங்கும்போது இதைவிட மோசமான பிழை வேறில்லை.

1946 நவம்பர் மூன்றாம் வாரத்தில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. ஆஸ்திரியாவிலிருந்து புறப்பட்ட அமெரிக்க ராணுவத்தின் டகோட்டா வகை விமானம், 12 பேருடன், ஆல்ப்ஸ் மலைக்கு மேலே மோசமான வானிலையில் மாட்டிக்கொண்டது. சுவிட்சர்லாந்தின் கௌலி பனியாற்றில், ஏறத்தாழ 3,350 மீட்டர் உயரத்தில், பனிச்சரிவின் மேல் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும். சரிவின் ஏற்றத்தோடு ஒட்டினாற்போல் தொட்டு, வழுக்கி, பனியில் புதைந்து நின்றது. சிலருக்குக் காயம், ஆனால் 12 பேரும் உயிரோடு இருந்தார்கள். தாங்கள் இருப்பது எந்த நாடு என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. பிரெஞ்சு ஆல்ப்ஸ் என்று நினைத்து வானொலியில் உதவி கேட்டார்கள்.

மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மலை எதிரே வருகிறது, முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது தெரியவே இல்லை. இதைக் கவனக்குறைவு என்று சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை. பார்க்க வேண்டியதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையாக இருந்தது.

தரைவழியாக மீட்பவர்கள் பல மணி நேரம் பனியில் நடந்து போய்ச் சேர்ந்தார்கள். காயம்பட்டவர்களைத் தூக்கிக்கொண்டு அதே வழியில் இறங்குவது பெரும்பாடு. அப்போதுதான் சுவிஸ் விமானப்படையின் விக்டர் ஹூக், பிஸ்டா ஹிட்ஸ் இருவரும், ஸ்கீ மாட்டிய இரண்டு ஃபீஸ்லர் ஸ்டார்க் விமானங்களில், நவம்பர் 24 அன்று அதே பனியாற்றில் இறங்கினார்கள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்திலும் கீழே விழாமல் மிதக்கக்கூடிய மெலிந்த விமானம் அது. பல நடைகள் போய் எல்லோரையும் கீழே கொண்டுவந்து சேர்த்தார்கள். சுவிட்சர்லாந்தின் வான்வழி மீட்புப் பணிக்கு அந்த நாளைத்தான் பிறந்தநாளாகச் சொல்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே நாட்கள் சிலதான். ஒரு விமானம் பனியைப் பார்க்காமலே தொட்டது. இன்னும் இரண்டு பார்த்து, தெளிந்த வானத்துக்குக் காத்திருந்து தொட்டன. அந்த டகோட்டாவின் புரொப்பெல்லரைப் பனியாறு 2012-இல் வெளியே தள்ளியது.

இது பழங்கதை, இப்போது கருவிகள் வளர்ந்துவிட்டன என்று நினைக்க வேண்டாம். 1999 செப்டம்பர் 10 அன்று அலாஸ்காவின் ஜூனோ அருகே ஹெர்பர்ட் பனியாற்றில் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் ஃபிளாட் லைட்டில் தரையில் மோதியது. அதைத் தேடிப்போன ஹெலிகாப்டரும் அங்கேயே மோதியது. மூன்றாவதாக ஒன்று போனது, அதுவும் மோதியது. ஒரே நாள், ஒரே பனிப்பரப்பு. மூன்றையும் ஓட்டியவர்கள் அந்தப் பகுதியில் தொழில் செய்தவர்கள். இரண்டாமவருக்கும் மூன்றாமவருக்கும் அங்கே ஏதோ சரியில்லை என்று தெரிந்தேதான் இருந்தது. தெரிந்தும் கண் உதவவில்லை. அனுபவம் இருந்தால் போதும் என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த நாள்தான் ஞாபகத்துக்கு வரும்.

சரி, அப்படியானால் என்னதான் செய்கிறார்கள்? தரையில் ஒரு அளவை அவர்களே உண்டாக்கிக்கொள்கிறார்கள். ஆங்கரேஜில் எனக்குப் பழக்கமான ஓர் ஓய்வுபெற்ற விமானியின் செஸ்னாவில், பின்னிருக்கைக்குப் பின்னால் ஸ்புரூஸ் மரக்கிளைகள் கட்டாகக் கிடக்கும். கூடவே மண் நிரப்பிய கறுப்பு நெகிழிப் பைகள். ஏரியைத் தாழ்வாகக் கடக்கும்போது ஜன்னலைத் திறந்து இவற்றை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவார். அப்புறம் சுற்றிவந்து அந்தக் கறுப்புப் புள்ளிகளின் வரிசையை ஒட்டி இறங்குவார். புள்ளி இருந்தால் தரை இருக்கிறது, கண்ணுக்குப் பிடிமானம் கிடைத்துவிட்டது. அது கையில் இல்லையென்றால் கரையோரமாக, மரங்கள் பக்கவாட்டில் தெரியும்படி இறங்குவது. அதுவும் முடியாவிட்டால், கண்ணாடி போலக் கிடக்கும் நீரில் நீர்விமானம் இறங்குகிற முறைதான்: நிமிடத்துக்கு 100, 150 அடி என்று மிக மெதுவான இறக்கம், எஞ்சினுக்குக் கொஞ்சம் விசை, மூக்கு லேசாக மேலே. தரை தானாக வந்து தொடும் வரை எதையும் மாற்றக் கூடாது. இதற்கு நீளமான இடம் வேண்டும், பொறுமை அதைவிட நீளமாக வேண்டும். தரை வந்துவிட்டது என்று நினைத்து மூக்கைத் தூக்கினால் 20 அடி உயரத்திலிருந்து தொப்பென்று விழ வேண்டியதுதான்.

தொட்டுவிட்டால் முடிந்தது என்று நான் நினைத்திருந்த காலம் உண்டு. அவர் சொல்லித்தான் அடுத்த பாதி தெரிந்தது. ஏரியின் பனிக்கட்டி மேல் கனமாகப் பனி பெய்தால் அந்தப் பாரம் கட்டியை அமுக்கும். கட்டியில் இருக்கும் விரிசல்கள் வழியாக ஏரித் தண்ணீர் மேலே ஏறி, பனிக்கு அடியில் தேங்கி நிற்கும். மேலே இருக்கும் பனி கம்பளி போர்த்திய மாதிரி காப்பதால், காற்று மைனஸ் 30 டிகிரியில் இருந்தாலும் அந்தத் தண்ணீர் உறையாது. ஓவர்ஃப்ளோ என்பது இதற்குப் பெயர். மேலேயிருந்து பார்த்தால் மற்ற பனியைப் போலவேதான் இருக்கும். ஸ்கீ அதில் இறங்கியதும் கூழ் மாதிரி இழுக்கும். வேகமாக இறங்கினால் விமானம் மூக்குக் குத்தும். மெதுவாக இறங்கி நின்றுவிட்டாலோ, அந்தக் கூழ் குளிர்காற்று பட்டு ஸ்கீயோடு சேர்ந்து கல்லாக இறுகிவிடும். அப்புறம் கோடரிதான்.

அதனால் இறங்குவதற்கு முன்னால் தொட்டுப் பார்க்கிறார்கள். பறக்கும் வேகத்திலேயே, விமானத்தின் பாரத்தை முழுக்க விடாமல், ஸ்கீயைப் பனியில் லேசாக உரசிக்கொண்டே கொஞ்ச தூரம் ஓட்டி மேலே ஏறிவிடுவது. ஒரு சுற்று சுற்றி வந்து அந்தத் தடத்தைப் பார்ப்பது. தடம் வெள்ளையாகவே இருந்தால் நம்பலாம். கறுத்துக்கொண்டு வந்தால் தண்ணீர் ஊறுகிறது என்று அர்த்தம், வேறு ஏரியைப் பார்க்க வேண்டியதுதான். இறங்கின பிறகும் சட்டென்று நிற்பதில்லை. பெரிய வட்டமாக ஓட்டி, தன் தடத்திலேயே திரும்ப வந்து, அமுங்கின பனியில்தான் நிற்பார்கள். ஸ்கீக்கு பிரேக் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். நின்றதும் ஸ்கீக்கு அடியில் மரக்கிளையோ பலகையோ கொடுப்பார்கள், இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தில் பனியோடு ஒட்டிக்கொள்ளும். பனியாற்றுச் சரிவு என்றால் மேல்நோக்கி இறங்கி, நிற்பதற்கு முன் விமானத்தைச் சரிவுக்குக் குறுக்கே திருப்ப வேண்டும். ஏறும்போது கீழ்நோக்கி ஓட்டம். சுவிட்சர்லாந்தின் ஹெர்மான் கைகர் 1952-இல் சூப்பர் கப்பில் ஏற்றி இறக்கக்கூடிய ஸ்கீயை மாட்டிக்கொண்டு ஆல்ப்ஸில் பழக்கத்துக்குக் கொண்டுவந்த முறை இது.

இதையெல்லாம் யாரும் வகுப்பறையில் முதலில் கண்டுபிடிக்கவில்லை. அலாஸ்காவின் வால்டீஸ் ஊரில் பாப் ரீவ் என்பவர் 1930-களில் மலைச் சுரங்கங்களுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். மலையில் வருஷம் முழுக்கப் பனி, ஊரில் கோடையில் பனி இல்லை. என்ன செய்வது? கடல் உள்வாங்கினதும் வெளியே தெரியும் சேற்றில் ஸ்கீயோடு ஓடி மேலே ஏறினார். 1937 ஜூனில் பிராட்ஃபோர்ட் வாஷ்பர்ன், பாப் பேட்ஸ் என்ற இரண்டு மலையேறிகளைக் கனடாவின் லுகேனியா மலைக்குப் பக்கத்தில் வால்ஷ் பனியாற்றில், 8,750 அடி உயரத்தில் இறக்கினார். அந்த வருஷம் அங்கே எதிர்பாராத வெதுவெதுப்பு. உறைந்து கெட்டியாக இருக்க வேண்டிய பனி சொதசொதவென்று கிடக்க, விமானம் அமிழ்ந்துவிட்டது. மூன்று பேரும் தோண்டுவதும், எஞ்சினை முடுக்குவதும், மறுபடி அமிழ்வதுமாக நாட்கள் போயின. ஐந்தாவது நாள் வேண்டாத கனத்தையெல்லாம் கழற்றிப் போட்டுவிட்டு, புரொப்பெல்லரின் கோணத்தை மாற்றி, பிளவுகள் நிறைந்த சரிவில் ஓடி எப்படியோ எழும்பினார். திரும்பி வந்து அழைத்துப்போக முடியாது என்பது மூவருக்குமே தெரிந்துவிட்டது. மற்ற இருவரும் லுகேனியாவில் ஏறி, அப்புறம் நூறு மைலுக்கும் மேல் நடந்து வெளியே வந்தார்கள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் ரீவின் துணிச்சலில் நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ரீவ் அளவுக்குப் பனியைத் தெரிந்தவர் அன்று வேறு யாரும் இல்லை. அவருக்கே அந்தப் பனி மேலேயிருந்து கெட்டியாகத் தெரிந்தது. அறிக்கையின் அந்த ஒரு வரியை அவருக்கும் எழுதலாம், பொருந்தும். எழுதினால் நமக்கு என்ன தெரியவரும்? வெயில் எத்தனை நாள் காய்ந்தது, இரவில் மறுபடி உறைந்ததா, தொட்டுப் பார்த்தாரா, தொட்ட தடம் எப்படி இருந்தது, கீழே யார் காத்திருந்தார்கள், இறங்காமல் திரும்பினால் யாருக்கு எவ்வளவு நஷ்டம். நான் படிக்க விரும்புவது இவற்றை. சில அறிக்கைகளில் விமானியின் வாக்குமூலமாக ஓரிரு வாக்கியம் இருக்கும். அந்த ஓரிரு வாக்கியத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். புதிதாக ஸ்கீ மாட்டுகிற ஒருவருக்கு அதில்தான் பாடம் இருக்கிறது.

கவிழ்ந்த பிறகு என்ன என்பதும் இந்த விபத்துகளில் தனிக் கதை. வேகம் குறைவு, பனி மெத்தென்று இருக்கும், அதனால் ஆள் பிழைத்துவிடுவார். அப்புறம் குளிர். டிசம்பரின் கடைசி வாரங்களில் அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் நகரில் பகல் என்பதே நான்கு மணி நேரத்துக்கும் குறைவு. விமானத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று அலாஸ்கா மாநிலச் சட்டத்திலேயே நெடுங்காலமாக ஒரு பட்டியல் இருந்தது. ஆளுக்கு ஒரு வாரத்துக்கான உணவு, கோடரி, கத்தி, தீ மூட்ட வழி, முதலுதவிப் பெட்டி, மீன் பிடிக்கத் தூண்டில் சாமான். அக்டோபர் 15 முதல் ஏப்ரல் 1 வரை இவற்றோடு பனியில் நடக்கும் காலணி, உறக்கப்பை. ஏதோ வரி வசூல் சட்டம் போல வறட்டு மொழியில் எழுதப்பட்ட இந்தப் பட்டியலைப் படித்தபோது, எழுதினவர்கள் குளிரைத் தெரிந்தவர்கள் என்று பட்டது. எனக்குப் பழக்கமான அந்த விமானி இன்னும் ஒன்று சொல்வார்: பின்னால் வைத்த மூட்டை விமானத்தோடு மூழ்கிப்போகலாம், எரிந்தும் போகலாம், உடம்பில் மாட்டியிருப்பது மட்டும்தான் உன்னுடையது.

2025 மார்ச் 23, ஞாயிற்றுக்கிழமை. அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் இருக்கும் சோல்டோட்னா ஊரிலிருந்து ஒரு பைப்பர் சூப்பர் குரூசர் கிளம்பியது. விமானியும் அவருடைய குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேரும், சும்மா ஊர்சுற்றிப் பார்க்க. இரவாகியும் திரும்பவில்லை. இணையத்தில் ஒருவர் செய்தி போட, விடிந்ததும் அந்த வட்டாரத்து விமானிகள் பலர் தங்கள் சொந்த விமானங்களில் தேடக் கிளம்பினார்கள். டஸ்டுமினா ஏரியின் கிழக்கு ஓரத்தில், பனிக்கட்டிக்கு நடுவே பாதி மூழ்கிக் கிடந்த விமானத்தின் இறக்கை மேல் மூன்று பேர் இருப்பதை அவர்களில் ஒருவர் பார்த்தார். ஏறத்தாழ 12 மணி நேரம், இரவு முழுக்க, அந்த இறக்கை மேல். தேசியக் காவற்படையின் ஹெலிகாப்டர் வந்து மூவரையும் மீட்டது. செய்தியைப் படித்த அன்று என்னால் வேறு வேலை பார்க்க முடியவில்லை. அந்த ஏரிக்கு மேலே பறந்திருக்கிறேன். அங்கே அடிக்கும் காற்று எப்படிப்பட்டது என்று தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. விபத்தில் தானாகச் சமிக்ஞை அனுப்பும் கருவிகள் பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருந்தால் 2009 பிப்ரவரியிலிருந்து செயற்கைக்கோள்கள் அவற்றைக் கேட்பதில்லை. 406 மெகாஹெர்ட்ஸில் இருப்பதைத்தான் கேட்கும். பழைய கருவியை வைத்திருப்பது அமெரிக்காவில் சிறு விமானங்களுக்கு இன்னமும் சட்டப்படி சரி. அந்தப் பக்கமாகப் பறக்கும் இன்னொரு விமானத்தின் காதில் விழுந்தால் உண்டு. விமானத்துக்கும் ஸ்கீக்கும் எஞ்சினுக்கும் கொட்டும் பணத்தோடு ஒப்பிட்டால் புதிய கருவியின் விலை ஒரு பொருட்டே இல்லை. பனியில் இறங்குகிற யாரும் அதில்லாமல் கிளம்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அலாஸ்காவின் டெனாலி மலை ஏறுகிறவர்கள் டாக்கீட்னா ஊரிலிருந்து ஸ்கீ விமானத்தில் போய் கஹில்ட்னா பனியாற்றில், 7,200 அடியில் இருக்கும் அடிவார முகாமில் இறங்குவார்கள். ஏறும் பருவத்தில் அங்கே முகாம் பொறுப்பாளர் ஒருவர் தங்கியிருந்து, பனி எப்படி இருக்கிறது, வெளிச்சம் எப்படி, மேகம் எந்தப் பக்கம் என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஓடுபாதைக்குக் கறுப்பு அடையாளங்கள் வைத்திருப்பார்கள். புதுப்பனி விழுந்தால், ஊர் திரும்பக் காத்திருக்கும் மலையேறிகள் பனிக்காலணியை மாட்டிக்கொண்டு வரிசையாக நின்று ஓடுபாதையை மிதித்துக் கெட்டியாக்குவார்கள். அப்படி மிதித்து முடித்த நாட்களிலும், கீழே வெளிச்சம் தட்டையாக இருக்கிறது என்று அவர் ரேடியோவில் சொன்னால், டாக்கீட்னாவில் விமானம் கிளம்பாது.